மாராத்தாளின் பூமியை ஒட்டி வந்த கல்

மொட்டணம்புதூர்க்காரர்கள் என்றால் அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் ஒரு சிரிப்பு. எனக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஊர் இந்தக் காலத்தில் வேறு எங்கே இருக்கிறது?

ஒரு புதன்கிழமை நாட்ராயன் வீட்டு ரேடியோவில் செய்தி வாசித்தார்கள். "வீட்டளவுள்ள சிறுகோள் ஒன்று, தன் சுற்றுப்பாதையில் வெள்ளிக்கிழமை காலை பூமியை ஒட்டி வந்து கடந்து செல்லும். அந்த விண்கல்லால் ஆபத்தில்லை."

அந்தப் பக்கத்தில் பூமி என்றால் பயிர் வைக்கிற நிலம். அப்போது ஊரில் பயிர் நின்ற பூமி ஒன்றே ஒன்று, அது மாராத்தாளுடையது. அதைச் சுற்றிக்கொண்டு ஒரு வண்டிப்பாதையும் போகிறது. பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது?

செய்தியைக் கேட்டதும் மாராத்தாள் நாட்ராயன் வீட்டுக்கு ஓடி வந்தாள். அவள் தனிக்கட்டை. அந்தப் பூமியில் நின்ற சின்ன வெங்காயம்தான் அவளுடைய வருசச் சோறு. இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்க வேண்டியது.

"ஆபத்தில்லைன்னுதான சொல்றாங்க, ஆத்தா," என்றார் நாட்ராயன். ரேடியோ வைத்திருப்பவர் என்பதால் ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

"கல்லுக்கு ஆபத்தில்லைங்க. என்ற வெங்காயத்துக்கு? அந்தப் பாதையில மாட்டுவண்டியே இடிச்சுக்கிட்டுத்தான் போகுது. வீட்டளவு கல்லு வந்தா, வரப்பேறிப் பயிர மிதிக்காதுங்களா?"

நியாயமான கேள்வி. ஊரே உட்கார்ந்து யோசித்தது. கடைசியில் வேலப்பன் எழுந்தான். விவரமானவன் என்று பேர் வாங்கியவன். பேரை யார் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

"பாதைய அகலம் பண்ணிட்டா, கல்லு அதுபாட்டுக்குப் போயிருமுங்க."

"யாரு வீட்டளவுக்கு அகலம் பண்றது? ரேடியோவுல அதச் சொல்லலியே," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"இருக்கறதுல பெரிய வீடு நம்முளுதுதான்," என்றார் நாட்ராயன் அடக்கமாக.

அவர் வீட்டு முன்னால் ஆண்கள் கைகோத்துக்கொண்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நின்றார்கள். அளவு அச்சாகப் பொருந்தியது. கையை விட்டால் அளவு போய்விடும், ஆகவே கோத்த கையோடு நடந்தார்கள். கோயில் முக்கில் திரும்பும்போது வரிசை வளைந்தது. "அளவு கோணிப்போச்சு," என்று வேலப்பன் எல்லாரையும் திரும்பக் கூட்டிப்போய் மறுபடி அளந்தான். கோயில் முக்கு அங்கேயேதான் இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம்தான் வயலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பாதையோரம் இருந்த வெங்காயத்தைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதை எங்கே போடுவது? பூமியில் போட்டால் பயிர் நசுங்கும். அதனால் பாதை நடுவில் குவித்தார்கள். குவியல் பாதையை அடைத்தது. ஆகவே பாதையை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியதாயிற்று. அதில் வந்த வெங்காயத்தையும் குவியலில் போட்டார்கள், மறுபடி இடம் பத்தவில்லை. பொழுது சாய்வதற்குள் பூமி முழுக்கப் பாதையாகிவிட்டது.

"இனி ஒரு பயிரும் மிதிபடாது," என்றான் வேலப்பன். மாராத்தாள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பனிக்கு நனையாமல் குவியல்மேல் ஒரு கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஊர் திரண்டு வந்தது. பாதையில், வீட்டளவுக்கு, கறுப்பாக ஒன்று நின்றது.

"வந்துருச்சு," என்றார் நாட்ராயன் மெதுவாக.

"கடந்து போகும்னு சொன்னாங்களே. இது உக்காந்திருச்சே?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"நேர்ப்பாதையிலயா வந்துச்சு? சுத்துப்பாதையில வந்திருக்குது. களைப்பிருக்காதா?" என்றான் வேலப்பன்.

அந்தக் களைப்புக்கு மரியாதை கொடுத்து எல்லாரும் நாலடி தள்ளி நின்றார்கள். மாராத்தாள் மட்டும் வெறும் மண்ணாய்க் கிடந்த வயலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "என்ற வெங்காயம் எங்கீங்க?"

வேலப்பன் தைரியமாகத் தார்ப்பாய்க்குள் கையை விட்டான். ஒரு வெங்காயம் வந்தது. நசுக்கி மோந்து பார்த்தான். அவன் கண்ணில் நீர் முட்டியது.

"அத்தனையும் கல்லு முழுங்கிருச்சு, ஆத்தா."

மாராத்தாள் தரையில் உட்கார்ந்து அழுதாள். "இது கடந்து போனா என்ற சோறும் கூடவே போயிருமே, சாமி," என்றாள்.

கல்லைப் போக விடக்கூடாது என்று முடிவாயிற்று. ஊரில் உள்ள கிணற்றுக் கயிறுகளை எல்லாம் கொண்டுவந்து, நாலு பக்கமும் இழுத்து, வயலைச் சுற்றி நின்ற புளியமரங்களில் கட்டினார்கள். சந்தேகத்துக்குப் பத்துப் பேர் கயிற்றையும் பிடித்துக்கொண்டார்கள்.

மத்தியானம் நாட்ராயன் ரேடியோவையே அங்கே தூக்கி வந்தார். "சிறுகோள் இன்று காலை பூமியைப் பாதுகாப்பாகக் கடந்து சென்றது. சூரியனைச் சுற்றிவிட்டு, நாற்பது ஆண்டுகள் கழித்து மீண்டும் வரும்."

எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள். கல்லைப் பார்த்தார்கள். நாட்ராயனுக்குத் தன் ரேடியோவை நினைத்து வெட்கமாக இருந்தது.

"நாம புடிச்சுக் கட்டுன தகவல் அவங்களுக்கு இன்னும் போய்ச் சேரலைங்க," என்று வேலப்பன் சமாதானம் சொன்னான்.

மாராத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாப்பது வருசம் கழிச்சுத் திருப்பிக் கொண்டாந்தா வெங்காயம் அழுகாம இருக்குமுங்களா? கவுத்த இன்னொரு சுத்து சுத்துங்க."