பலகையில் இருந்த விலை

நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற காலம். கொழும்பு வெள்ளவத்தையில், பழைய மாடிவீடு ஒன்றில் ஒரு பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம் நடந்துகொண்டிருந்தது. மரியாதைக்குத்தான் அப்படிச் சொல்வது. அங்கே சில மாதங்களாக யாருக்கும் சம்பளம் இல்லை. வாசலில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகை மட்டும் நாள் தவறாமல் துலக்கப்பட்டுப் பளபளத்தது.

நிறுவனத்தின் தலைவி மங்களேஸ்வரி. எல்லாருக்கும் அவர் மிஸ். கஜரூபன் வங்கி வேலையை விட்டுவிட்டு மிஸ்ஸிடம் ஆராய்ச்சி பழக வந்தவர். வயதில் மிஸ்ஸைவிட மூத்தவர். அதனால் மிஸ் அவரைத் திட்டுவதுகூட மரியாதையோடுதான்.

அன்று காலை கஜரூபன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"அறிக்கை முடிஞ்சுது, மிஸ். நீங்கள் கையெழுத்து வைச்சால் பின்னேரமே அமைச்சுக்கு அனுப்பலாம்."

"என்ன எழுதியிருக்கிறியள்?"

"அரிசி விலை இறங்கிட்டுது. கிலோ இருநூற்றிருபது எண்டு அரசாங்கம் போட்ட கட்டுப்பாட்டு விலை வேலை செய்யுது. நானே கடை கடையாய்ப் போய்ப் பார்த்தனான்."

அமைச்சு காத்திருந்ததும் இதற்குத்தான். விலை இறங்கிவிட்டது என்று நிறுவனம் எழுதிக்கொடுத்தால், ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்கும் நிவாரணத்தை நிறுத்திவிடலாம். நிறுவனத்துக்கு நின்றுபோன மானியமும் வந்துசேரும். வராத சம்பளத்தில் பாதியை கஜரூபன் மனதுக்குள் செலவழித்தே முடித்திருந்தார்.

மிஸ் பேனையின் மூடியைத் திறந்தார். பிறகு ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினார்.

"வீட்டில அரிசி முடிஞ்சுது, கஜரூபன். உங்கட விலைக்கு அஞ்சு கிலோ வாங்கிக்கொண்டு வாங்கோ. வந்த உடனே கையெழுத்து வைக்கிறன். ஒரு சதமும் கூடக் குடுக்கவேண்டாம்."

இதென்ன பெரிய வேலை என்று கஜரூபன் கிளம்பினார்.

முதல் கடையில் சோக்கட்டியால் எழுதிய பலகை தொங்கியது. அரிசி 220.

"அஞ்சு கிலோ போடுங்கோ."

"அரிசி இல்லை, அண்ணை."

"பலகையில இருக்கே?"

"பலகை போடாட்டி தண்டம் அடிப்பாங்கள். அதுக்குத்தான் அது."

அடுத்த கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முந்நூற்றெண்பது எண்டால் உள்ளுக்க இருக்கு."

பக்கத்தில் நின்ற பெண் ஒரு பெருமூச்சு விட்டாள். "நிவாரணக் காசு நாளைக்குத்தான் வரும். எனக்கு அரைக் கிலோ போடுங்கோ" என்றாள்.

கஜரூபன் போனமுறையும் இதே கடைகளுக்குத்தான் வந்திருந்தார். பலகையைப் பார்த்தார், குறித்தார், போய்விட்டார். அரிசி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது நினைவுக்கு வந்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஏறி இறங்கிய கடைகளிலும் அதே கதைதான்.

மத்தியானம் வெறும் பையோடு திரும்பினார்.

"அந்த விலைக்கு எங்கயும் அரிசி இல்லை, மிஸ்."

"சரி. அப்ப அதை எழுதுங்கோ."

கஜரூபன் அசையவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர்.

"எழுதலாம், மிஸ். ஆனால் எழுதினால் மானியம் வராது. இந்த இடத்தை மூடவேண்டி வரும். மூடிப்போட்டு யாருக்கு என்னத்தைச் சொல்லுறது? எப்பிடியாவது திறந்து வைச்சிருக்கிறதுதானே முக்கியம்?"

மிஸ் பையை வாங்கி மடித்து மேசையில் வைத்தார்.

"முதல் போன கடை திறந்திருந்ததா?"

"திறந்துதான் இருந்தது."

"உள்ளுக்க என்ன இருந்தது?"

"ஒண்டும் இல்லை. பலகை மட்டும்தான்."

மிஸ் பேனையை அவர் கையில் கொடுத்தார்.

"எங்கட வாசலிலயும் ஒரு பலகை இருக்கு, கஜரூபன்."