பொக்கிஷதாரின் தேய்மானம்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தி கோமளவல்லி அம்மாள். போன ஆடி இரண்டாம் வெள்ளி, மாவிளக்குக்கு மாவு இடித்துக்கொண்டே சொன்னார்.

மருங்கூர் ராஜா வரகுணபூபதிக்கு ஒருநாள் குடிகள்மேல் திடீரென்று இரக்கம் பொங்கியது. "என் நாட்டில் வயசான காலத்தில் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது" என்று ‘முதுமைப் பொன் பண்டாரம்’ திறந்தார். பொன் போட்டு வைத்தால், அறுபது வயதுக்குமேல் சாகும்வரை மாதம் இரண்டு கலம் நெல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதை நடத்துகிற பொறுப்பு பொக்கிஷதார் தனஞ்சயரிடம் போய்ச் சேர்ந்தது.

அவர் வாசலில் பலகை மாட்டினார்: "குறைந்தது நூறு பொன். பௌர்ணமியோடு கதவு அடைக்கப்படும்."

நூறு பொன் வைத்திருப்பவனுக்கு நெல்லுக்கு என்ன பஞ்சம்? ஆனாலும் அவர்கள்தான் பல்லக்கில் வந்து வந்து இறங்கினார்கள்.

அந்தப் பொக்கிஷத்தை முப்பது வருஷமாகப் பெருக்குகிறவள் பேச்சியாயி. வயது அறுபத்திரண்டு. பிள்ளைகுட்டி இல்லை. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. அந்த நெல் கிடைத்தால் உட்காரலாம். இல்லாவிட்டால் பெருக்கிக்கொண்டேதான் சாகவேண்டும். முருகனை வேண்டிக்கொண்டு, முந்தானையில் முடிந்த பன்னிரண்டு பொன்னோடு போய் நின்றாள்.

"பன்னிரண்டா? ஏ பேச்சி, இது பண்டாரம். கோயில் உண்டியல்னு நினைச்சியா?" என்றார் தனஞ்சயர்.

"ஏழைக்குன்னுதானே சாமி ராஜா திறந்தாரு?"

"ஏழைக்குத்தான். நூறு பொன் உள்ள ஏழைக்கு. அதையும் நூற்று மூன்றாகக் கொண்டு வா. உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும்போது மூணு பொன் தேய்ந்து போகும்."

தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்தார் அவையிலே பெயர்பெற்ற புத்திசாலி அமுதவாணர். நடந்ததை எல்லாம் கேட்டார்.

"அழாதே அக்கா. உனக்கு இங்கே கூலி என்ன?"

"தினம் படி அரிசிங்க. அப்புறம் எடைக்கூடத்துக் குப்பை. அதிலே பொன்தூள் விழுமில்லையா? மாசக் கடைசியிலே மூட்டையைக் கொடுப்பாங்க. தண்ணியிலே அரிச்சா குன்றிமணி அளவு தேறும்."

"இந்த மாச மூட்டை?"

"பொக்கிஷத்திலேதான் பூட்டியிருக்குங்க."

அமுதவாணர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நேரே அவைக்குப் போனார்.

"அரசே, பண்டாரத்தில் நாற்பது பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு மூன்று பொன் தேய்மானம். ஆக நூற்றிருபது பொன். அது எங்கே போனது?"

ராஜாவின் புருவம் ஏறியது. தனஞ்சயருக்கு வியர்த்தது.

"மகாராஜா! தேய்க்கும்போது தூளாய் உதிர்ந்ததுதான். அத்தனையும் எடைக்கூடத்துக் குப்பையில் இருக்கிறது. சத்தியம்!"

"யாரும் எடுக்கவில்லையே?" என்றார் அமுதவாணர்.

"ஒரு பொடிகூட வெளியே போகவில்லை. மூட்டை என் பூட்டுக்குள் இருக்கிறது."

"ரொம்ப நல்லது. வழக்கப்படி அந்தக் குப்பை பேச்சியாயிக்குச் சொந்தம். நாளைக் காலை அரசர் முன்னாலேயே அரிக்கட்டும். நூற்றிருபதுக்குக் குறைந்தால் மட்டும், பாவம், நீங்கள் செய்த சத்தியம் பொய்யாகிவிடும்."

தனஞ்சயர் அவசர அவசரமாக வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் முற்றத்தில் தொட்டி வைத்தார்கள். பேச்சியாயி அரித்தாள். தூளைக் காணோம்! முழு முழுப் பொற்காசாக உருண்டு வந்தது. பிறகு ஒரு ஜோடி வளையல். அப்புறம் ஓர் அட்டிகை. கடைசியில் ஒரு புல்லாக்கு. தராசில் வைத்தால் குன்றிமணி பிசகாமல் நூற்றிருபது.

புல்லாக்கைத் தூக்கிப் பார்த்தார் ராஜா. "அமுதவாணரே, இது என்ன தேய்மானம்?"

"இத்தனை நாளும் ஊரார் பொன்தான் தேய்ந்தது, அரசே. நேற்று ராத்திரி பொக்கிஷதார் வீட்டுப் பொன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் தனஞ்சயரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கினார், பலகையை இறக்கச் சொன்னார். குன்றிமணிப் பொன் கொண்டுவந்தாலும் சேர்க்கலாம் என்று உத்தரவானது. அரித்தெடுத்த பொன்னையே கட்டி, நாற்பத்தொன்றாவது பெயராகப் பேச்சியாயியின் பெயரை எழுதினார்கள்.

கேட்டவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவர், கை ஓய்ந்த காலத்துக்கு என்ன வைத்திருக்கிறார் என்று நாளைக்கு ஒரு வார்த்தை விசாரியுங்கள்.