ஒத்தடத்துக்குப் பிறகு

பவுலின் புற்றுநோய் வார்டில் செவிலியர். வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பும் படித்தாள். அவளுடைய ஆசிரியை சலோமி அவளைவிட வயதில் இளையவர். வகுப்பில் பெயர் சொல்லி அழைப்பார், வெளியே வந்தால் "அக்கா" என்பார்.

ஒரு மத்தியானம் பவுலின் அவரைத் தேடி வந்தாள்.

"ஆய்வு முடிஞ்சது மேடம். பத்துக்கு எவ்வளவு வலின்னு ஒவ்வொருத்தரையும் கேட்டேன். வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு எல்லாரும் ரெண்டு, மூணுன்னுதான் சொல்றாங்க."

"சரி."

"ஒரு சந்தேகம். ஆய்வு பண்ணுற சில பேர் எண்ணவே மாட்டேங்கறாங்க. நோயாளி பக்கத்துல உட்கார்ந்து பேசவிட்டுக் கேட்டே ஆய்வு செய்யறாங்க. எண்ணுறது பெருசா, கேக்குறது பெருசா?"

சலோமி எழுந்து வார்டுக்கு நடந்தார். பவுலின் பின்னாலேயே போனாள்.

ஜன்னலோரக் கட்டிலில் வீராயி கிடந்தாள். கர்ப்பப்பையில் வந்த நோய் இடுப்பு எலும்புக்கு இறங்கியிருந்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் கடித்திருந்தாள். இவர்களைக் கண்டதும் அதை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மா, வலி எவ்வளவு?" என்றாள் பவுலின்.

"ரெண்டுதான் தாயி."

"பவுலின் அக்கா, உட்காருங்க," என்றார் சலோமி.

பவுலின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முந்தானை ஈரமாக இருந்தது. பல் பட்டுக் கிழிந்தும் இருந்தது.

"ரெண்டுன்னா எப்படிம்மா இருக்கும்?"

வீராயி கூரையைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏ வீராயி, உளறிக் கொட்டிராத! நீ போறதோட எங்களையும் சேத்துக் கெடுத்துராத!"

வீராயிக்கு அழுகை வந்துவிட்டது.

"செல்லத்தாயி பத்துன்னு சொன்னா. மறுநாளே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. போன வாரமே போய்ச் சேந்துட்டா. கூட்டிச் சொன்னா கைய விட்டுருவாக, இங்கன எல்லாருக்கும் தெரியும். நான் பொழச்சுருவேன்னு எம் மகன் நம்பிக்கிட்டு இருக்கான் தாயி. அனுப்பிராதீக."

"அவங்களை வீட்டுக்கு அனுப்பினது நோய் முத்தினதாலம்மா. வலியைச் சொன்னதுக்காக யாரையும் அனுப்ப மாட்டாங்க," என்றாள் பவுலின்.

"நெசமாவா?"

"நெசமா. இப்பச் சொல்லுங்க."

"உசுரோட எரிக்கிறாப்ல இருக்கு."

சலோமி டாக்டரை அழைத்துவந்தார். ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில், கட்டில் கம்பியைப் பிடித்திருந்த வீராயியின் விரல்கள் தானாகத் தளர்ந்தன.

வெளி வராந்தாவில் பவுலின் நின்றுவிட்டாள். 'ஆண்டவரே' என்றாள்.

"ரெண்டுக்கு மாத்திரை போதும்னு நான்தான் மேடம் சொன்னேன். அந்தம்மா இத்தனை நாளா துணியைக் கடிச்சுக்கிட்டே கிடந்திருக்கு."

சலோமி அவள் தோளில் கை வைத்தார்.

"எல்லாக் கணக்கையும் கிழிச்சுப் போட்டுடறேன். இனிமே எண்ணவே மாட்டேன். உட்கார்ந்து கேக்குறது மட்டும்தான்."

"கிழிக்காதீங்க அக்கா," என்றார் சலோமி. "அந்தக் கணக்கைப் பாருங்க, ரெண்டுன்னு சொன்னவங்க உள்ளே இன்னும் எத்தனை பேர்?"