ஏரியில் இறங்கியவர்

"எல்லார் வீட்டுக்கும் வர்றவர் என் வீட்டுக்கு மட்டும் ஏன் சிஸ்டர் வரமாட்டேங்கறார்?"

தைரியநாதன் இதைக் கேட்டபோது சிஸ்டர் அமலோற்பவம் வலையில் சிக்கியிருந்த பாசியை உதறிக்கொண்டிருந்தார்.

தைரியநாதனுக்கு அறுபது வயது. ராயபுரத்தில் மெத்தைக் கடை. வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் காலையில் பழவேற்காடு ஏரியைக் கடந்து, தீவில் இருந்த இந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்துவிடுவார். சிஸ்டர் அவருடைய மகளைவிட இளையவர். ஆனாலும் தைரியநாதன் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார்.

போன வருடம் குருவுக்கு ஒரு மெத்தை கொண்டுவந்து கொடுத்தார். இப்போது அதில் இரண்டு ஆட்டுக்குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன.

"யாரைச் சொல்றீங்க?"

"ஆண்டவரைத்தான். வாசல்ல நட்சத்திரம் தொங்குது. கூடம் பூராவும் குடில். முழங்கால் வலிக்கக் கூடாதுன்னு பஞ்சுத் திண்டு போட்டு ஜெபம் பண்றேன். உள்ளே ஒண்ணும் அசையல."

சிஸ்டர் வலையின் அடுத்த கண்ணிலிருந்து பாசியை எடுத்தார்.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். ரெஜினா. கையில் கைக்குழந்தை.

"சிஸ்டர், பிள்ளைக்கு அனலா கொதிக்குது. காலையிலேர்ந்து பால் குடிக்கல. ஆம்பளைங்க எல்லாம் படகை எடுத்துக்கிட்டு சந்தைக்குப் போயிட்டாங்க."

சிஸ்டர் வலையைக் கீழே போட்டுவிட்டுத் தன் சின்னப் படகை அவிழ்த்தார்.

"நீங்களும் ஏறுங்கண்ணே. பேசிக்கிட்டே போகலாம்."

ரெஜினா குழந்தையோடு ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது.

வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே பால் நிறம். எங்கோ பூநாரைகள் முனகின. சிஸ்டர் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். படகு போகிறதா, கரைதான் விலகிப் போகிறதா என்று தைரியநாதனுக்குப் புரியவில்லை. ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டார். கண் சொக்கியது.

படகு நின்றது.

"தரை தட்டிடுச்சு. தண்ணி வத்திக் கிடக்கு" என்றார் சிஸ்டர்.

கழியை வைத்துவிட்டு ஏரியில் இறங்கினார். தண்ணீர் முழங்கால்கூட இல்லை; ஆனால் சேற்றில் கால் தொடை வரை புதைந்தது. தோள் கொடுத்துத் தள்ளினார். படகு அசையவில்லை.

சிஸ்டர் தைரியநாதனைப் பார்த்தார்.

"டாக்டர் என்னைக் குளிர்ல நிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றார் அவர்.

"சரிண்ணே."

சிஸ்டர் மறுபடி தள்ளினார். படகுக்கு அடியில் சேறு புரண்டது. அவ்வளவுதான்.

ரெஜினா குழந்தையைத் துணியோடு தோளில் இறுக்கிக்கொண்டாள். சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு காலை வெளியே வைத்தாள். குழந்தையின் தலை துவண்டு சரிந்தது.

"நீ உக்காரும்மா!"

கத்தியது தன் குரல்தான் என்று தைரியநாதனுக்குத் தெரிவதற்குள் அவர் தண்ணீரில் நின்றார்.

குளிர் எலும்பில் ஏறியது. சேறு காலைக் கவ்வியது. ஒரு செருப்பு போயிற்று. அடுத்த அடியில் இன்னொன்று.

படகு மெல்ல எழும்பி மிதந்தது.

ஏறினால் மறுபடி தரை தட்டும் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வெறுங்காலுக்கடியில் சேறு போய் மணல் வந்தது. மணல் மெத்தென்று இருந்தது. பனிக்குள்ளிருந்து பூநாரைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மனிதர்களைக் கண்டு அவை பறக்கவில்லை. விலகி வழி விட்டன.

"ஐயா, உங்க கை சில்லுனு இருக்குமே. இவன் நெத்தியில கொஞ்சம் வைக்கிறீங்களா?" என்றாள் ரெஜினா.

"சேத்துக் கையம்மா."

"இருக்கட்டுங்கய்யா."

அவர் கையை ஏரியில் நன்றாகக் கழுவி, குழந்தையின் நெற்றியில் வைத்தார். சுட்டது. சூடேறியதும் எடுத்து, தண்ணீரில் நனைத்து, மறுபடி வைத்தார். எத்தனை முறை என்று அவருக்கு நினைவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அதை யாருடைய உடம்பையோ போலப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஒருமுறை கையை எடுக்கப் போனபோது எடுக்க முடியவில்லை.

குழந்தை கண்ணைத் திறந்திருந்தது. அவருடைய விரலைச் சுற்றி ஒரு சின்ன முஷ்டி.

ரெஜினா அழ ஆரம்பித்தாள். பிறகு குனிந்து பால் கொடுத்தாள். அது குடித்தது. விரலை விடவில்லை.

பனி விலகியது. கரை வந்தது. மேட்டில் ஆட்டோ நின்றது. சிஸ்டர் படகை இழுத்து மணலில் ஏற்றினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும், அவங்க இறங்கட்டும். கையை எடுங்கண்ணே."

தைரியநாதன் இடுப்பு வரை நனைந்து நின்றார். முகத்திலும் தண்ணீர்.

"நான் பிடிக்கல சிஸ்டர்" என்றார். "இவன்தான் என்னைப் பிடிச்சிருக்கான்."