பொருநை டாங்கிக்குள் ஏறும் வழி

டாங்கியின் முதல் எதிரி பீரங்கி என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தப் பிழை நூலகங்கள் வரை பரவிவிட்டதால், இதைத் திருத்தாமல் மேற்கொண்டு கதை சொல்வது முறையாகாது.

முதல் எதிரி தூசு.

இரண்டாவது எதிரி, விருந்தாளியோடு வரும் குழந்தை. பீரங்கி அதற்கெல்லாம் வெகு கீழே.

நாம் பேசுவது, அசல் டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி பிளாஸ்டிக்கில் ஒட்டிச் செய்யும் டாங்கியைப் பற்றி. நீளம் ஒரு சாண். பாளையங்கோட்டையில், பல் மருத்துவர் பியூலாவின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையின் கண்ணாடி அலமாரிக்குள் அப்படி ஒரு படையே நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளிகளுக்குப் பயம் குறைகிறது என்பது டாக்டரின் கட்சி. கூடுகிறது என்பது நோயாளிகளின் கட்சி.

"டாக்டர், எனக்கு எப்போ கையெழுத்துப் போடுவீங்க?" என்று கேட்டார் கொழுந்துவேல்.

"வாயை மூடுங்க. இன்னும் பஞ்சு எடுக்கலை."

கொழுந்துவேல் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கடைவாய்ப் பல்லுக்காக வந்தவர், அலமாரியைப் பார்த்தார், மாணவராகிவிட்டார். டாக்டருக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனால் அவர் டாக்டரை "டாக்டர்" என்பார், டாக்டர் அவரை "சார்" என்பார். யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

சேர்ந்த அன்று அவர் கேட்டது இது:

"டாங்கி செய்யக் கத்துக் கொடுப்பீங்களா?"

டாக்டர் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தார். உள்ளே நூறு நூறு பிளாஸ்டிக் துண்டுகள். கடையில் வாங்கும் டாங்கிப் பெட்டிகளில் தேவைக்கு மேல் பாகங்கள் வரும். ஒட்டியது போக மிஞ்சியதெல்லாம் அந்த டப்பாவுக்குப் போகும்.

கொழுந்துவேல் கிளறிப் பார்த்தார்.

"இதுல டாங்கி இல்லையே டாக்டர்."

"இருக்கு, சார்."

அன்றைய பாடம் அவ்வளவுதான்.

*

மதுரையில் வருடத்துக்கு ஒருமுறை மாதிரிகளின் கண்காட்சி நடக்கும். நெல்லைக்காரர்களின் டாங்கி எதுவும் டாக்டர் பியூலா கையெழுத்துப் போடாமல் அங்கே போக முடியாது. கொழுந்துவேலுக்கு அவர் ஒருமுறையும் போட்டதில்லை.

அங்கே 'நடந்திராத வரலாறு' என்று ஒரு பிரிவு உண்டு. அதில் வைக்கும் டாங்கி உலகத்தில் எப்போதும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் அது ஏன் உருவானது என்று நம்பும்படி ஒரு வரலாறு எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டும். வரலாற்று ஆசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கொழுந்துவேலின் வரலாற்றில், 1942இல் ஜப்பானியப் படை தூத்துக்குடியில் இறங்கிவிடுகிறது. லண்டனிலிருந்து டாங்கி வராது. எனவே நெல்லையில் ஒரு பட்டறை, உடைந்து கிடந்த அமெரிக்க, ரஷ்ய, பிரிட்டிஷ் டாங்கிகளைப் பிரித்துத் தானே ஒன்றைச் செய்துகொள்கிறது. பெயர் பொருநை. முதல் வகை.

(தூத்துக்குடியில் யாரும் இறங்கவில்லை என்பதை இங்கே பொறுப்புடன் பதிவு செய்கிறோம்.)

டாங்கியைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்து, பல் பிடுங்கும் கருவிகள் வைக்கும் தட்டின்மேல் நிறுத்தினார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். இந்தப் பக்கம் வந்தார்.

"இங்க ஆறு சக்கரம். அங்க அஞ்சு."

டப்பாவில் பதினொன்றுதான் இருந்தது. கொழுந்துவேல் அதைச் சொல்லவில்லை.

"நாளைக்கு விளக்கத்தோட வாரேன்."

மறுநாள் மூன்று பக்கங்களோடு வந்தார். மலேயா வீழ்கிறது. ரப்பர் நிற்கிறது. சக்கரத்துக்கு ரப்பர் பட்டை போதவில்லை.

டாக்டர் படித்துவிட்டு, "அப்படின்னா ரெண்டு பக்கமும் அஞ்சு வச்சிருப்பாங்களே, சார்?" என்றார்.

"கையில வந்த சக்கரத்தை வேண்டாம்னு திருப்பி அனுப்பின ராணுவம் உலகத்துலயே கிடையாது, டாக்டர்."

டாக்டர் சிரித்தார். சக்கரம் நிலைத்தது.

கொழுந்துவேல் வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார். ஒரு பெரிய ரகசியம் பிடிபட்டதாக அவருக்குத் தோன்றியது. பிழையைச் சரிசெய்ய வேண்டியதில்லை. அதற்கு ஒரு வரலாறு எழுதினால் போதும்.

பின்பக்கம் பச்சை பெயின்ட் வேறு நிறமாக இருக்கிறது என்றார் டாக்டர். பாதியில் தீர்ந்து போய் வேறு கடையில் வாங்கியது அது. இரண்டு பெயின்டர்களுக்குள் நடந்த சண்டையை நான்கு பக்கத்தில் எழுதினார். ஏணி இடது பக்கம் இருக்கிறதே என்றார் டாக்டர். பட்டறை மேஸ்திரிக்கு இடது கைப் பழக்கம் வந்தது.

வரலாறு நாற்பது பக்கத்தைத் தொட்டது.

"பொம்மை வண்டிக்கு இத்தனை பக்கமா?" என்றார் மனைவி சங்கரவடிவு.

"வண்டியைவிட வரலாறு பெரிசு."

"அதான் தெரியுதே. வண்டியை அலமாரில வச்சுட்டு, பேப்பரை சோபால வச்சிருக்கீங்க. நான் எங்க உக்கார?"

*

கொழுந்துவேல் அதிகமாகப் பெருமைப்பட்டது முன்பக்கத் தகட்டைப் பற்றித்தான். டப்பாவில் அந்தப் பாகம் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டிச் சாய்வாகப் பொருத்தி, உப்புத்தாள் போட்டு ஒரு மாதம் தேய்த்திருந்தார். மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஒரு கோடு இல்லை. விரலை வைத்தால் வழுக்கும்.

டாக்டரும் விரலை வைத்தார். வழுக்கியது.

"அழகா இருக்கு, சார்."

கொழுந்துவேல் காத்திருந்தார்.

"உள்ள எத்தனை பேர்?"

"நாலு பேர்."

"டிரைவர் எங்க?"

"இதோ, இந்தத் தகட்டுக்குப் பின்னால."

"எந்த வழியா ஏறுவாரு?"

கொழுந்துவேல் தகட்டைப் பார்த்தார். ஒரு மாதம் பார்த்த தகடுதான்.

"நாளைக்கு வாரேன்" என்றார்.

மறுநாள் ஐந்து பக்கங்கள். எஃகுத் தட்டுப்பாடு. முன்பக்கத்தில் ஓட்டை போட்டால் கவசம் பலவீனமாகும் என்று தளபதியின் உத்தரவு. டிரைவர் மேலே சுழலும் கோபுரத்தின் மூடி வழியாக இறங்கி, பீரங்கியைத் தாண்டி, முன்னால் ஊர்ந்துபோய் உட்கார வேண்டியது.

டாக்டர் ஐந்து பக்கத்தையும் படித்தார். அடிக்குறிப்புகளையும் படித்தார்.

"நல்லா இருக்கு. பேரு என்ன?"

"யாரு பேரு?"

"டிரைவர் பேரு."

நாற்பத்தைந்து பக்கத்தில் ஆளுநருக்குப் பெயர் இருந்தது. தளபதிகளுக்கு இருந்தது. சண்டை போட்ட பெயின்டர்களுக்குக்கூட இருந்தது.

"பேரை மட்டும் எழுதிட்டு வாங்க, சார். கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

கொழுந்துவேலுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெயர். இவ்வளவு சுலபமாகக் கையெழுத்து கிடைக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

*

பேச்சிமுத்து என்று எழுதினார்.

எழுதியவுடன் ஊர் தேவைப்பட்டது. நாரணம்மாள்புரம். முன்பு என்ன செய்தான்? லாரி ஓட்டினான். வயது? இருபத்திரண்டு. லாரி ஓட்டுகிறவனுக்குத் தோள் அகலமாக இருக்கும்.

இங்கே கொழுந்துவேலின் பேனா நின்றது. தோள் அகலமானவன் அந்த வழியாக இறங்குவானா? ஆதாரம் இல்லாமல் எழுதுவது அவர் வழக்கமல்ல.

டப்பாவைக் கிளறினார். உட்கார்ந்த நிலையில் ஒரு பிளாஸ்டிக் வீரன் கிடைத்தான். விரற்கடை உயரம். ஒரு முழங்கை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

கோபுரத்தின் மூடி வழியாக அவனை இறக்கினார். கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. போனான். டாங்கியைச் சாய்த்தார். வழுக்கிக்கொண்டு முன்னால் போய்த் தகட்டுக்குப் பின்னால் விழுந்தான்.

"ஏறிட்டான்" என்றார் கொழுந்துவேல்.

பிறகு டாங்கியைக் கவிழ்த்தார். அவன் வரவில்லை. குலுக்கினார். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தது. ஊசி விட்டுப் பார்த்தார். உள்ளே போகும்போது வழிவிட்ட முழங்கை, வெளியே வரும்போது தூண்டில் முள்போல மாட்டியது. கோபுரத்தைக் கழற்றலாம் என்றால், அது சுழலுமே தவிரக் கழலாதபடி உள்ளிருந்து ஒட்டியிருந்தார். அதிலும் அவருக்குப் பெருமை உண்டு.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டார் சங்கரவடிவு.

"டிரைவர்."

"வெளிய வரச் சொல்லுங்க. காப்பி ஆறுது."

கொழுந்துவேல் பேனாவை எடுத்தார். 'போர்க்கால நெருக்கடியில் டிரைவர் வெளியேறுவது அவசியமாகக் கருதப்படாததால்' என்று எழுதினார்.

எழுதியதைப் படித்தார். மறுபடி படித்தார்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. காப்பியையும் குடிக்கவில்லை.

*

ஆட்டோவில் போகும்போது பள்ளம் வந்த இடத்திலெல்லாம் மடியில் இருந்த டாங்கிக்குள் கடகடத்தது. கொழுந்துவேல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கிளினிக்கில் கடைசி நோயாளி போயிருந்தார்.

"பல்லு வலியா, டாங்கி வலியா, சார்?"

"பேரு பேச்சிமுத்து" என்றார் கொழுந்துவேல். டாங்கியை லேசாக ஆட்டிக் காட்டினார்.

டாக்டர் கேட்டார்.

"வெளிய வரலையா?"

"வரலை."

"எத்தனை பக்கம் எழுதிட்டு வந்தீங்க?"

"எழுதலை."

டாக்டர் விளக்கை இழுத்து டாங்கியின் மேல் திருப்பினார். பல் குடையும் கருவியில் ஊசியை மாட்டினார். காலால் மிதித்தார். அது கீச்சென்றது. நிறுத்திவிட்டு, கைப்பிடியை அவர் பக்கமாக நீட்டினார்.

"டாக்டர், இது அந்தத் தகடு."

"ஆமா."

"ஒரு மாசம் தேய்ச்சேன்."

"தெரியுது. நல்லாத்தான் தேய்ச்சிருக்கீங்க."

கருவி நீட்டியபடியே இருந்தது.

கொழுந்துவேல் வாங்கிக்கொண்டார். பல் குடைபடும்போது நாற்காலியின் கையை எப்படிப் பிடித்திருந்தாரோ அப்படி டாங்கியைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். கண்ணாடிபோன்ற தகட்டின் நடுவில், பீரங்கிக் குழலுக்கு நேர் கீழே, ஒரு சதுரம். சதுரம் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று பக்கம் ஓரளவு நேராக இருந்தது. நான்காவது பக்கம் ஓடிப்போனது.

டாக்டர் இடுக்கியை விட்டு ஒரு திருப்புத் திருப்பினார். பேச்சிமுத்து தட்டில் வந்து விழுந்தான்.

"முழுசா வந்துட்டு" என்றார் டாக்டர். வாய் கொப்பளிக்கச் சொல்லும் அதே குரல்.

பிறகு மேசை டிராயரைத் திறந்து பேனாவைத் தேடினார்.

*

மதுரையில் பொருநை முதல் வகை நான்காவது மேசையில் நின்றது. வெட்டி எடுத்த கோணல் துண்டையே மூடியாக வைத்திருந்தார் கொழுந்துவேல். அது மேலே இருந்த பீரங்கிக் குழலில் முட்டி, பாதிதான் திறந்திருந்தது. பாதி வழியாகப் பேச்சிமுத்துவின் தலை தெரிந்தது. பக்கத்தில் வரலாறு இருந்தது, அந்தக் கடைசி ஐந்து பக்கம் இல்லாமல்.

கொழுந்துவேல் வெள்ளைச் சட்டை போட்டு, மகள் கல்யாணத்தில் வாசலில் நின்றதுபோல் நின்றார். கண்ணாடிபோன்ற தகட்டைக் கொண்டுவந்திருந்தால்கூட அப்படி நின்றிருக்க மாட்டார். டாக்டர் பியூலா இரண்டு மேசை தள்ளி, தன் டாங்கியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசு இல்லை.

நடுவர் பெங்களூரிலிருந்து வந்தவர். சட்டைப்பையில் சின்ன டார்ச். சக்கரங்களை எண்ணினார். பக்கங்களைப் புரட்டினார். இடது கை மேஸ்திரியிடம் வந்தபோது மீசைக்குள் சிரித்தார். பிறகு மூடியில் டார்ச் அடித்தார். வெகுநேரம் அடித்தார்.

"எல்லாத்துக்கும் விளக்கம் எழுதியிருக்கீங்க. இந்த மூடிக்கு ஒண்ணுமே இல்லையே?"

"மத்ததெல்லாம் எழுதினாத்தான் நம்புவாங்க" என்றார் கொழுந்துவேல்.

"ரொம்பக் கோணலா இருக்கு."

"அவசரத்துல வெட்டினது."

"யாருக்கு அவசரம்?"

"உள்ள இருந்தவருக்கு."

நடுவர் டார்ச்சை அணைத்தார். அட்டையில் ஏதோ எழுதினார். அடுத்த மேசைக்குப் போக ஓர் அடி எடுத்து வைத்தார். திரும்பி வந்தார். பொருநையின் பீரங்கிக் குழலை விரல் நுனியால் இடப்பக்கம் தள்ளினார். மூடி முழுவதும் திறந்துகொண்டது. பிறகு போனார்.

நேர்த்திக்கான மதிப்பெண்ணில் நான்கு குறைந்தது.

நடுவர்கள் மாதிரிகளைத் தொடக் கூடாது என்பது கண்காட்சியின் விதி. பக்கத்து மேசைக்காரர் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தார். புகார் பதிவு செய்யப்பட்டது.