ராஜாவின் கண்ணில் விழுந்த மண்

முன்னொரு காலத்தில் செம்மண்புரம் என்கிற நாட்டை விசித்திரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம் போடுவார், சாயங்காலம் அதை மறந்துபோவார். ஜனங்களும் அதற்குப் பழகிப்போயிருந்தார்கள். ஆனால் ஒரே ஒரு சட்டத்தை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. அது அவர் கண்ணிலேயே உறுத்திக்கொண்டிருந்தது.

வேட்டைக்குப் போய் ரதத்தில் ஊர்வலமாகத் திரும்பிய அன்று ராஜாவின் வலது கண்ணில் புழுதி விழுந்துவிட்டது. மறுநாள் அந்தக் கண்ணை மூடிக்கொண்டே சபைக்கு வந்தார். ராஜாவே ஒரு கண்ணோடு இருக்கும்போது நாம் இரண்டையும் திறந்து வைத்திருந்தால் மரியாதையா? சபையோர் எல்லோரும் வலது கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் தூணில் முட்டிக்கொண்டார். இன்னொருவர் பக்கத்து ஆசனக்காரரின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மந்திரி சேந்தனார் மட்டும் இரண்டு கண்களையும் திறந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"இந்தப் புழுதிக்கு ஒரு வழி சொல்லுங்கள்!" என்று கத்தினார் ராஜா.

சேந்தனார் வாயைத் திறப்பதற்குள் பாதை அதிகாரி பட்டாபிராயர் எழுந்துவிட்டார். எதற்கெடுத்தாலும் ராஜா மந்திரியையே கேட்கிறாரே என்று வயிறெரிந்துகொண்டிருந்த மனிதர் அவர்.

"பிரபு, எல்லாம் இந்த ஓட்டை வண்டிகள் செய்கிற வேலை. ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் வெள்ளைத் துணி கட்டி ஓட்டச் சொல்லுவோம். துணி எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு வரி. கட்டாதவன் வண்டி அரண்மனைக்கு!"

"பலே! மந்திரி, நீர் என்ன சொல்கிறீர்?"

"யோசனை ராயருடையதாகவே இருக்கட்டும், பிரபு. சட்டத்தை எழுதுகிற வேலையை மட்டும் எனக்குக் கொடுங்கள்."

"எழுதட்டும், எழுதட்டும். மந்திரிக்குக் கையெழுத்தாவது அழகாக இருக்கிறதே!" என்று ராயர் இளித்தார்.

மறுநாள் ஊரெல்லாம் தண்டோரா முழங்கியது: "ராஜாவின் கண்ணில் மண்ணைத் தூவுகிறவர் யாராக இருந்தாலும் வரி கட்டவேண்டும்! அதிகம் தூவினால் அதிக வரி!"

அரண்மனைத் தெருவில் சோதனை நடந்தது. ராஜா பந்தலில் உட்கார்ந்து தம் நல்ல கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு விற்கிற பேச்சியின் மாட்டு வண்டி வந்தது. தேய்ந்து மெலிந்த சக்கரங்கள் மண்ணைக் கீறிக்கொண்டு வந்தன. பின்னால் கட்டிய துணி செக்கச் செவேலென்று ஆகிவிட்டது.

"வரியைக் கட்டு, இல்லையென்றால் வண்டியை விடு" என்றார் ராயர்.

"வண்டிய விட்டுட்டு உப்ப நான் தலையில சுமக்கவா, சாமி? இந்த வண்டி போனா எங்க வீட்டு அடுப்பும் அணைஞ்சு போயிரும்" என்றாள் பேச்சி. அவள் கை நுகத்தடியை விடவே இல்லை.

"என்னைப் போல் புது ரதம் வாங்கவேண்டியதுதானே!"

"புது ரதம் வாங்க வக்கிருந்தா நான் எதுக்குச் சாமி வெயில்ல உப்பு விக்கிறேன்?"

ராயர் காதில் வாங்கவில்லை. தம் நாலு குதிரை ரதத்தில் ஏறித் தெருவை ஒரு சுற்று சுற்றிவந்தார். துணியில் ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை! "எனக்கு வரியே கிடையாது!" என்று மீசையை முறுக்கினார்.

சேந்தனார் எழுந்தார். "பிரபு, ஒரு சின்ன ஆசை. ராயரின் ரதம் முன்னால் போகட்டும். அதை ஒட்டினாற்போல் இந்த அம்மாளின் வண்டி இன்னொரு தரம் வரட்டும்."

"வேண்டாம், குதிரைகள் களைத்துவிட்டன" என்று ராயர் பதறினார். ராஜா கேட்கவில்லை. இரண்டும் ஓடின. இந்தத் தடவை பேச்சியின் துணியும் வெள்ளையாகவே திரும்பி வந்தது.

"அதே மாடு, அதே வண்டி, அதே உப்பு. புழுதி எங்கே அம்மா போயிற்று?" என்று கேட்டார் சேந்தனார்.

பேச்சி குனிந்து ரதத்தின் அடியில் பார்த்தாள். அங்கே தண்ணீர் நிறைந்த தோல்பைகள் தொங்கி, வழிநெடுகச் சொட்டி மண்ணை நனைத்துக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வேற எங்க போகும், சாமி? அம்புட்டையும் இந்த ஐயா மகாராசா கண்ணுலயே தூவிட்டாரே!"

ராஜா தோல்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிச் சிரித்தார், பாருங்கள், பந்தல்கால் ஆடிப்போயிற்று.

"ராயரே, சட்டம் என்ன சொல்கிறது? அதிகம் தூவினால் அதிக வரி! உம்மளவுக்கு இங்கே எவன் தூவினான்? ரதத்தை விடும். அந்தத் தோல்பைகளை நீரே வைத்துக்கொள்ளும். தினமும் காலையில் நீர்தான் தெருவுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும்!"

பிறகு பேச்சியைப் பார்த்து, "உனக்கு வரியே வேண்டாம், போ" என்றார்.

"வேண்டாம்னு நான் சொல்லலியே, மகாராசா. அந்தப் புழுதிய நாள் பூரா திங்கிறதும் நாங்கதானே! கெளப்புறவங்க கட்டட்டும். எங்கள மாதிரி ஆளுகளுக்குச் சக்கரம் மாத்த மட்டும் ஒரு வழி பண்ணுங்க."

"அப்படியானால் என் கண்ணில் விழுந்த மண்ணுக்குரியவன் முதலில் கட்டட்டும். எந்த வண்டி அது, மந்திரி?"

சேந்தனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊர்வலம் வருகிறதென்று அன்றைக்கு எல்லா வண்டிகளையும் தெருவை விட்டு விலக்கியிருந்தோம், பிரபு. ஓடியது ஒரே ஒரு ரதம்தான். காற்றும் பின்னாலிருந்து அடித்தது."

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. பேச்சி நுகத்தடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார்.

"யாராக இருந்தாலும் என்றுதானே எழுதினீர்? பலே ஆள் ஐயா நீர்! இது என் வரி. இதை விற்று ஊரிலுள்ள தேய்ந்த சக்கரங்களையெல்லாம் மாற்றிக்கொடுங்கள். பேச்சியின் வண்டிக்கு முதலில்."

சேந்தனாருக்கு ராஜா தம் மோதிரத்தையே பரிசாகப் போட்டார். ராஜாவின் கண்ணும் சரியாகிவிட்டது. அதன் பிறகு அந்தச் சபையில் எல்லோரும் இரண்டு கண்களையும் திறந்துகொண்டுதான் உட்கார்ந்தார்கள். பட்டாபிராயருக்கு மட்டும் காலையில் சபைக்கு வர நேரமில்லை. தெருவில் தோல்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். புதுச் சக்கரம் உருள, பேச்சி அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திச் சொல்லுவாள்:

"ஐயா, அந்த ஓரம் விட்டுப்போச்சே!"