மூச்சு முட்டிய கெண்டைகளும் ராஜாவின் பிறந்தநாளும்

ரொம்ப காலத்துக்கு முன்னால் அல்லிப்பட்டணத்தை நெடுமுடியன் என்று ஒரு ராஜா ஆண்டார். எப்படி ஆண்டார் என்று இந்த இடத்தில் வர்ணிக்க வேண்டுமாம். எனக்கு வர்ணனை வராது. கிரீடம் பெரிசு, கோபம் சீக்கிரம் வரும், யாராவது புகழ்ந்தால் போய்விடும். அவ்வளவுதான் ராஜா.

அரண்மனை வாசலுக்கு எதிரே, ஊர் நடுவில், ஒரு சின்னக் குளம். நாலு பக்கமும் கடைத்தெரு. குளம் முழுக்க அல்லியும் கோரையும், அதற்குள்ளே கெண்டை மீன்களும். “குப்பை மாதிரி இருக்கிறதே” என்றார் ராஜா. மந்திரி ஆபத்சகாயம் மறுநாளே ஆள் விட்டுக் கொடி, கோரை எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிக் குளத்தைப் பளிங்கு மாதிரி ஆக்கிவிட்டார். இந்தக் கதையில் புத்திசாலி அவர்தான். சிரிக்காதீர்கள்.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். தினமும் நாலு மூட்டை பொரி மீனுக்குப் போடச் சொன்னார். மீன் தின்றது போக மிச்சம் ஊறி, அழுகி, அடியில் படிந்தது.

ஆறு மாதத்தில் ஓர் அதிசயம். விடிகாலையில் ராஜா படித்துறைக்கு வந்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன.

“மன்னா, மீன்கள் உங்கள் புகழைப் பாடுகின்றன!” என்றார் கனகசபேசர். அரசவையில் புகழ்வதுதான் அவருக்கு வேலை. மந்திரி பதவி மேல் கண்ணும் உண்டு.

“பாட்டு கேட்கவில்லையே?”

“தண்ணீர்ப் பாட்டு மன்னா. நம் காதுக்கு எட்டாது.”

ராஜா மீன்களுக்குக் கையசைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். மந்திரியும் தட்டினார். நானாக இருந்தால் இன்னும் பலமாகத் தட்டியிருப்பேன்.

ராஜாவின் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, படித்துறையில் மந்திரிக்கு இழுப்பு வந்துவிட்டது. பழைய வியாதி. குனிந்து மூச்சுக்குத் தவித்தவர் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்தார். பக்கத்திலேயே ஒரு கெண்டையின் முகம். இரண்டு வாயும் ஒரே மாதிரி.

நேராக அரசவைக்குப் போனார். “அரசே, மீன்கள் பாடவில்லை. மூச்சு முட்டித் தவிக்கின்றன.”

“தண்ணீரில் இருக்கிற மீனுக்கு மூச்சு முட்டுமா?” என்று கனகசபேசர் சிரித்தார். “மந்திரியாரே, உம் வியாதியை ஊருக்கெல்லாம் ஒட்டவைக்கிறீரே!”

“பொரி அழுகித் தண்ணீர் கெட்டுவிட்டது. அதைத் தெளிய வைத்த கொடியும் இல்லை, ஒதுங்க நிழலும் இல்லை. பிடுங்கச் சொன்ன அறிவாளி நான்தான், ஒத்துக்கொள்கிறேன். நாளை மறுநாள் பிறந்தநாளுக்கு நூறு மூட்டை பொரி கொட்டப் போகிறீர்கள். கொட்டினால் ஒரு மீன் மிஞ்சாது.”

ராஜாவுக்கு முகம் சிவந்தது. “என் பிறந்தநாள் பொரி விஷமா? சரி, பிறந்தநாளன்று சபை கூடும்போது அதை நிரூபி. இல்லையென்றால் அன்றைக்கே நாட்டை விட்டுப் போ!”

“அப்படியானால் அன்றைக்குச் சபை ஏற்பாடு என் பொறுப்பு, அரசே.”

“எடுத்துக்கொள்.”

“நான் இப்போதே மூட்டை கட்டட்டுமா?” என்று மந்திரி வீட்டிலே மனைவி கேட்டாள். “எதற்கும் கட்டி வை” என்றார் அவர். அவருக்கே அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை!

பிறந்தநாள் வந்தது. மண்டபத்துக்குப் பன்னிரண்டு ஜன்னல். பதினொன்றை மந்திரி அடைக்கச் சொன்னார். சிம்மாசனத்துக்குப் பின்னால் இருந்தது மட்டும் திறந்திருந்தது. விசிறிக்காரர்களுக்கு விடுமுறை. முந்நூறு பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, மூலைக்கு மூலை சாம்பிராணி போட்டார்கள்.

ராஜாவுக்கு முதுகில் காற்று வந்தது. ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் சபை முழுக்கச் சிம்மாசனத்தை நோக்கி நகர்ந்து வந்தது. எல்லாருக்கும் முகம் மேலே, வாய் திறந்தபடி. முதல் ஆளாகக் கனகசபேசர்.

“என்ன இது? ஏன் வாயைப் பிளக்கிறார்கள்?”

“உங்கள் புகழைப் பாடுகிறார்கள், அரசே” என்றார் மந்திரி.

“சத்தமே வரவில்லையே!”

“காற்றுப் பாட்டு. நம் காதுக்கு எட்டாது. கையசையுங்கள் அரசே, ஆசையாக வந்திருக்கிறார்கள்.”

கனகசபேசர் ராஜாவின் காலைப் பிடித்தார். “மன்னா... கதவு... கதவு...”

“என்னய்யா பாட்டு! இவன் சாகப் போகிறான்! திறங்கள் எல்லாவற்றையும்!” என்று ராஜா கத்தினார்.

திறந்தார்கள். முந்நூறு பேரும் வாசலுக்கு ஓடினார்கள். மந்திரிக்கும் இழுப்பு வந்து ஒரு தூணில் சாய்ந்திருந்தார். தன் யோசனையில் தானே மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதில்லை.

ராஜா இறங்கிக் குளத்துக்கு நடந்தார். மந்திரியும் கனகசபேசரும் மூச்சு வாங்கியபடி பின்னாலே போனார்கள். படித்துறையில் நூறு மூட்டை பொரி அடுக்கியிருந்தது. தண்ணீரில் கெண்டைகள் வாய் திறந்து தவித்தன.

குனிந்து அவற்றை உற்றுப் பார்த்தார். பிறகு, “ஆபத்சகாயம், மூச்சு விட முடியாதவர்களைப் பார்த்துத் தினமும் கையசைத்திருக்கிறேனே! என்னைவிடப் பெரிய மடையன் இந்த ஊரில் உண்டா?” என்றார்.

“பக்கத்திலேயே நின்று கைதட்டினேன் அரசே. போட்டிக்கு நான் இருக்கிறேன்.”

ராஜா சிரித்துவிட்டார். மூட்டைகளை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். கனகசபேசரைப் பார்த்து, “நீர் குளத்தில் இறங்கி அழுகினதை எல்லாம் வாரும். ஆற்றுத் தண்ணீரைத் திருப்பி விடச் சொல்கிறேன்” என்றார். மந்திரி நைசாக நழுவப் பார்த்தார்.

“நீ எங்கே போகிறாய்? பிடுங்கினவன்தானே நட வேண்டும்?”

முத்துமாலையோடு முழங்கால் சேற்றில் நின்று மந்திரி அல்லிக் கிழங்கு நட்டார்.

அடுத்த வருஷம் குளம் மறுபடியும் குப்பையாகிவிட்டது. அல்லி, கோரை, அடியிலே நிழல். பிறந்தநாள் காலையில் ராஜா படித்துறைக்கு வந்தார். பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினார். ஒரு மீன்கூட மேலே வரவில்லை. யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை. கையை மெல்ல இறக்கிக்கொண்டு, “நன்றாக இருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நானும் போகிறேன். கதை முடிந்தது.